கடலோர ஊரில் டிஜிட்டல் வகுப்பு: எங்கே முட்டும், எப்படித் தாண்டுவது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் மாலை வகுப்பு தொடங்கியபோது வீட்டுக்கு வீடு போய் ஒரே கேள்விதான் கேட்டோம்: “ஸ்மார்ட்போன் இருக்கா?” அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தது. சந்தோஷமாக வாட்ஸ்அப் குழு தொடங்கி, திங்கள்கிழமை மாலை முதல் பாடத்தை அனுப்பினோம். ஏழு மணி ஆகியும் பாதிப் பேர் திறக்கவில்லை. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்துக் கேட்டேன். “போன் கடல்ல இருக்கு சார்” என்றான்.

அவன் அப்பா காலையில் கடலுக்குப் போவதற்கான டோக்கன் வாங்கி விசைப்படகில் போயிருந்தார். போனும் கூடவே போயிருந்தது. தப்பு அவன்மேல் இல்லை, எங்கள் கேள்வியில்தான்.

கல்வியில் தொழில்நுட்பம் என்று பேச ஆரம்பித்தாலே கருவி, செயலி, திட்டம் என்று பேச்சு பெரிதாகிவிடும். நான் பார்த்தவரை ராமநாதபுரம் கடற்கரையில் வகுப்பு நின்றுபோவதெல்லாம் சில்லறைக் காரணங்களால். போன் கடலில் இருக்கும். டவர் மொட்டை மாடியில் மட்டும் கிடைக்கும். சார்ஜ் பின்னில் உப்பு பூத்திருக்கும். பீரோ சாவி, மாற்றலாகிப் போன சாரிடம் இருக்கும். இப்படிப்பட்ட தடைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நகர்த்தும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பள்ளி ஆசிரியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், மகளிர் குழுவுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவர் என்று யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் நாலு படி முடியும்வரை ஒரு கருவியும் வாங்க வேண்டாம்.

படி 1: போன் யார் கையில், எந்த நேரத்தில்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம், ஒரு வாரம் எழுத வேண்டும். போன் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்: மாலை 5 மணியிலிருந்து 9 மணிவரை அது யார் கையில் இருக்கும்? எந்தெந்தக் கிழமை வீட்டில் இருக்கும்? ரீசார்ஜ் தீர்ந்தால் யார் போடுவார்கள், எத்தனை நாள் கழித்து? அந்த ஒரே போனை எத்தனை பிள்ளைகள் பங்கு போடுகிறார்கள்? மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா?

ஒரு வாரத்தில் ஊரின் நாடி பிடிபட்டுவிடும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை சேரும். ஆகவே அந்த வீடுகளில் திங்கள், புதன், சனி மாலை போன் இருக்காது. செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு இருக்கும். நாங்கள் திங்களும் புதனும் வகுப்பு வைத்திருந்தோம். கிழமையை மாற்றியதுதான் நாங்கள் செய்த முதல் “தொழில்நுட்ப மேம்பாடு”. செலவு ஒரு சாக்பீஸ்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருக்கும் தெருவில் கணக்கு வேறு. நீர் வற்றும் நாள் பார்த்து விடியற்காலையில் போவார்கள். போன் வீட்டிலேயே இருக்கும், ஆனால் சாயங்காலம் அவர்கள் அலுத்துப்போய்த் திரும்பியிருப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாருங்கள், கதையே மாறிவிடும். அப்பா வளைகுடாவில் இருப்பார், போன் நல்ல போனாகவே இருக்கும். ஆனால் துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து அவர் வீடியோ கால் போடும் நேரம் நமக்கு இரவு எட்டு, எட்டரை. அந்த நேரத்தில் எந்தப் பாடமும் ஜெயிக்காது. ஜெயிக்கவும் வேண்டாம், பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கட்டும். வகுப்பை ஏழே முக்காலுக்கு முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர் வீட்டில் போன் வீட்டிலேயே கிடக்கும், பள்ளியும் பெரும்பாலும் விடுமுறை, ஆகவே நல்ல வாய்ப்பு என்று நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். வருமானம் நின்றதும் முதலில் நிற்பது ரீசார்ஜ். போன் இருக்கும், நெட் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் வேண்டும்.

படி 2: டவரை நடந்து அளந்து பாருங்கள்

வேறு வேறு நிறுவனத்தின் சிம் போட்ட மூன்று போன்களை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடங்கள். வகுப்பு நடத்தும் இடத்தில், வீட்டுத் திண்ணையில், வீட்டுக்குள்ளே, கடற்கரை மணலில் என்று நாலு இடத்தில் நின்று ஒரு சின்னக் கோப்பை இறக்கிப் பாருங்கள். கோடு எத்தனை தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். நாலு கோடு தெரியும், ஒன்றும் இறங்காது. மாலையில் எல்லோரும் ஒரே டவரில் தொங்கும்போது அப்படித்தான் இருக்கும். ஆகவே மதியம் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை அளந்து பாருங்கள். தகரக் கூரை போட்ட வீட்டுக்குள் சிக்னல் பாதியாகிவிடும். அந்த வீட்டுப் பிள்ளையைத் திண்ணையில் உட்காரச் சொன்னாலே சில சமயம் காரியம் முடிந்துவிடும்.

தனுஷ்கோடிப் பக்கம் ஒரு விசித்திரம் உண்டு. தலைமன்னார் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு “வருக” என்று செய்தி அனுப்பும். செட்டிங்ஸில் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் நம் சிம்மின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியும் போகும், சில சமயம் காசும் போகும்.

அளந்த பிறகு கணக்குப் போடுங்கள். காணொளியை 480 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 400, 500 எம்பி போகும். அதே பாடத்தை 64 கேபிபிஎஸ் என்ற சிறிய அளவு ஒலிப்பதிவாக அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் மூன்று பிள்ளைகளும், அப்பாவின் வானிலைச் செய்தியும், அம்மாவின் சீரியலும் ஓட வேண்டும். பாடம் நடத்துபவர் தன் முகத்தைக் காட்டுவதற்காக மட்டும் காணொளி எடுப்பது இங்கே ஊதாரித்தனம். வரைபடம், கணக்குக்கான படிகள், செய்முறை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அவற்றுக்கு மட்டும் காணொளி. மற்றதெல்லாம் குரலும், ஒரு பக்க பிடிஎஃப்பும் போதும்.

குரல் என்றதும் ஒன்று. பாம்பனில் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காகவே ஓடுகிறது. ரேடியோவுக்கு ரீசார்ஜ் வேண்டாம். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். வளர்ந்தவர்களுக்கான பயிற்சியில் பாதியைப் பேச்சாகவே முடித்துவிடலாம் என்று எனக்குப் புத்தி வந்தது அதைக் கேட்டுத்தான். திரை வேண்டிய இடத்துக்கு மட்டும் திரை.

படி 3: நெட் இல்லாமலே ஓடட்டும்

இணையம் வந்தால் நல்லது, வராவிட்டாலும் வகுப்பு நடக்கும் என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் இந்தப் படி. இதற்கு மூன்று வழி உண்டு, எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வழி மெமரி கார்டு. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் 2018 முதல் க்யூஆர் கோடு அச்சிடுகிறார்கள். அதை ஸ்கேன் செய்தால் திக்ஷா என்ற அரசுப் பாடச் செயலியில் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். செயலியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டவர் நன்றாக இருக்கும் இடத்தில், ராமநாதபுரம் போகிற அன்றைக்கு, அந்த வாரப் பாடத்தை மொத்தமாக இறக்கிவிடுங்கள். அப்புறம் ஊரில் போனிலிருந்து போனுக்கு நெட் இல்லாமலே அனுப்பலாம். பிள்ளைகள் பாட்டும் விளையாட்டும் அப்படித்தான் பகிர்ந்துகொள்கிறார்கள், நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. கோப்புக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கறாராக இருங்கள்: “8 அறிவியல் பாடம் 3 பகுதி 1” என்று இருக்க வேண்டும். எண்ணும் எழுத்துமாகக் குவிந்து கிடக்கும் பெயரோடு அனுப்பினால் இரண்டாவது வாரமே யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது வழி, வகுப்பறையில் ஒரு சின்னப் பெட்டி. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு பெரிய மெமரி கார்டு, போன் சார்ஜர் மாதிரி 5 வோல்ட் அடாப்டர், இவ்வளவுதான். அதில் கொலிப்ரி, கிவிக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெட்டி தானே ஒரு வைஃபை கொடுக்கும். பிள்ளைகள் போனில் அந்த வைஃபையைப் பிடித்தால் உள்ளே இருக்கும் பாடங்களைப் பார்க்கலாம், வெளி இணையம் ஒரு துளி வேண்டாம். கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரை. முதல் முறை அமைக்க, விஷயம் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளையின் இரண்டு சனிக்கிழமை வேண்டும். அதன் பிறகு சுவிட்சைப் போட்டால் போதும். எங்கள் பெட்டியில் பத்துப் பேர்வரை சிரமமில்லாமல் ஓடியது. அதற்குமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் காணொளி பார்த்தால் திணறும். ஆகவே இருவருக்கு ஒரு போன் என்று உட்கார வையுங்கள். ஒருவர் தடுமாறும்போது மற்றவர் சொல்லிக்கொடுப்பார், நமக்கும் வேலை மிச்சம்.

மூன்றாவது வழி அச்சு. ஒன்றும் ஓடாத நாளுக்கு அந்த வாரப் பாடத்தின் இரண்டு பக்க நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

படி 4: உப்போடு குடித்தனம்

மதுரையிலோ சென்னையிலோ இருந்து வரும் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. கடற்கரையில் கணினியைக் கொல்வது வைரஸ் இல்லை, உப்புத்தான்.

நடப்பது இதுதான். காற்றில் வரும் உப்புத்துகள் எல்லாவற்றின்மேலும் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்கரையில் விடியற்காலை பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான். கரைந்த உப்பில் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரித்துப்போகும். ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அதேதான் மதர்போர்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் போனையே எடுங்கள். சார்ஜ் பின்னுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டைப்-சி என்றால் நடுவில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் தங்க நிறத்தில் மெல்லிய கோடுகள் தெரியும். கோட்டின்மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ மாவு பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. சார்ஜ் விட்டுவிட்டு ஏறுவது, கேபிளைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுவது எல்லாம் இதனால்தான். கடைக்காரர் “பின் போச்சு” என்று மாற்றிக் கொடுப்பார்; கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் துடைத்தே சரி செய்திருக்கலாம்.

துடைக்கும் முறை: போனை அணையுங்கள். மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மென்மையான பழைய டூத்பிரஷை அதில் லேசாக நனைத்து, சொட்டாமல் உதறி, பின்னை மெதுவாகத் தேயுங்கள். அரை மணி நேரம் காற்றில் வைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஊசியை விட்டு நோண்டக் கூடாது. கடலிலிருந்து நேராக வந்த போனை வீட்டுக்குள் நுழைந்ததும் சார்ஜில் போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதை மட்டும் நிறுத்த வைத்தாலே நிறைய போன் பிழைக்கும். ஈரத்துணியால் வெளியே துடைத்து, காயவிட்டு, அப்புறம் சார்ஜ். நனைந்த போனை அரிசிப் பானையில் புதைப்பது வேண்டாம். பின்னுக்குள் தவிடும் மாவும் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

மடிக்கணினி, டேப்லெட்களுக்கு மூன்று பழக்கம். ஒன்று, வாரத்துக்கு மூன்று முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஓடும் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். பூட்டிவைத்த கணினிதான் இங்கே முதலில் சாகும். விடுமுறை முடிந்து திறந்தால் பாதி எழுந்திருக்காது. இரண்டு, பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய வேட்டித் துணி போதும். மூன்று, ரப்பர் விளிம்பு வைத்த பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும். ஈரம் குடித்ததைச் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி உயிர் வரும். அந்த வாணலியில் ஒரு சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள், யாரும் மறந்து அப்பளம் பொரித்துவிடக் கூடாது.

மேசையைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகப் போடாதீர்கள். காற்று நன்றாக வருகிறது என்று நாங்கள் அங்கேதான் போட்டோம்.

இப்போது நோட்டையும் டவர் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு என்ன வாங்கலாம் என்று யோசியுங்கள். பெரும்பாலும் நினைத்ததில் பாதிதான் தேவைப்படும்.

படி 5: கரன்ட்

இந்தப் படி சின்னது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தது. அதே மாவட்டத்தில் நாங்கள் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு மடிக்கணினி பேட்டரி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகள் உண்டு. மேசைக் கணினியைவிட மடிக்கணினியும் டேப்லெட்டும் நல்லது என்று சொல்வதற்கு அதுவே காரணம்: கரன்ட் போனாலும் வகுப்பு முடியும்வரை ஓடும். மேசைக் கணினிக்கு வைக்கும் சாதாரண யுபிஎஸ் பாடம் நடத்துவதற்கானது அல்ல. கோப்பைச் சேமித்துவிட்டு அணைக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் தரும், அவ்வளவுதான். மூன்றாம் படியில் சொன்ன பெட்டி ஒரு நல்ல பவர் பேங்கிலேயே ஓடும். உப்பு மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வகுப்பு அடுத்த நாள் நடக்கட்டும்.

படி 6: எழுத்தும் விரலும்

மகளிர் குழுவுக்குப் போன் வழிப் பணப் பரிமாற்றம் சொல்லிக்கொடுக்கப் போன ஒரு நாள். எல்லோரும் விரல்ரேகை வைத்துத் திறக்கும் பூட்டைப் போட்டார்கள். ஒரு அக்காவுக்கு மட்டும் வரவே இல்லை. ஐந்து முறை, ஆறு முறை, வேறு விரல், துடைத்துவிட்டு மறுபடி. “சார், எனக்கு ரேகையே கிடையாது” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். சின்ன வயதிலிருந்து பாறையில் பாசி எடுக்கிறார். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போவார்கள், இருந்தும் நுனி தேய்ந்து, வெடித்து, வழவழவென்று இருந்தது. கருவி அவரை ஆள் என்றே ஏற்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முதல் பாடமே நாலு அல்லது ஆறு இலக்க ரகசிய எண் போடுவது. விரல்ரேகை விரும்புகிறவர்களுக்கு மட்டும். தொடுதிரையும் இப்படித்தான்: உப்புக் கை, காய்ப்பு ஏறிய கை என்றால் சரியாகப் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். அது அவர்களுடைய தடுமாற்றம் இல்லை என்று சத்தமாகவே சொல்லுங்கள். “நமக்கு இதெல்லாம் வராது” என்று எழுந்துபோவது அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது மொழி. போனைத் தமிழுக்கு மாற்றினால் எல்லாம் எளிதாகும் என்று நினைத்தேன். மாற்றினேன். “அமைப்புகளுக்குப் போங்கள்” என்றேன். ஒருவரும் நகரவில்லை. “செட்டிங்ஸ்” என்றதும் எல்லார் விரலும் பல்சக்கரத்தைத் தேடிப் போனது. ஆகவே சொற்களை ஊர் வழக்கில் விட்டுவிடுங்கள். இருபது சொல்லை ஒரு அட்டையில், படத்தோடு, அவர்கள் சொல்கிறபடியே எழுதி மாட்டுங்கள். திரையில் இருப்பது ஆங்கிலமா தமிழா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். எண்ணும் எழுத்தும் இன்னும் பழகாதவர்களுக்குக் குரல் வழித் தட்டச்சு கைகொடுக்கும், ஆனால் நம் கடற்கரைப் பேச்சில் பாதியைத் தப்பாக எழுதும். மீன் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டச்சு கற்பிப்பதாக இருந்தால் தமிழ்99. 1999-இல் தரப்படுத்திய விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும், ஆகவே “அம்மா” எழுத ம-வை இரு முறை தட்டினால் போதும். ஆங்கில எழுத்தை மனதில் வைத்துத் தமிழைத் தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் தெரியாதவருக்கு இதுதான் நேர்வழி. கணினியில் இ-கலப்பை என்ற இலவச மென்பொருள் போதும். கூடவே ஒரு எச்சரிக்கை: பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் பல அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் சுற்றுகின்றன. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். பிள்ளை தன் போன் கெட்டுவிட்டது என்று நினைக்கும். எல்லாப் போனிலும் ஒழுங்காகத் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிய பிறகே பாடக் கோப்பை அனுப்புங்கள்.

பயிற்சிக்கு என்ன கணக்குக் கொடுப்பது? அலுவலகச் சம்பளப் பட்டியல் வேண்டாம். கருவாடு போடும் அக்காவிடம் அவர் கணக்கையே கேளுங்கள்: பச்சை மீனாக எத்தனை கிலோ வாங்கினார், உப்புக்கு எவ்வளவு, காய்ந்தபின் எத்தனை கிலோ நின்றது, சந்தைக்கு வண்டி வாடகை என்ன. எக்செல்லில் ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தில் கிலோவுக்கு அடக்க விலை வந்து நின்றதும் எங்கள் வகுப்பில் ஒருவர், “அடப்பாவி, இத்தனை நாளா நஷ்டத்துக்கா வித்தேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு வகுப்பும் தவறவில்லை.

படி 7: சாவியும் கடவுச்சொல்லும்

ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், பத்து டேப்லெட் கொடுத்தது. மேடை, பொன்னாடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. உள்ளே இருந்த பூட்டின் கடவுச்சொல் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேலை மாறிப் போய்விட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் பத்து டேப்லெட்டும் பீரோவில் தூங்கின.

ஆகவே எதை வாங்கினாலும், யார் கொடுத்தாலும், கைக்கு வரும் அன்றே மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். கடவுச்சொல் என்ன, அது தெரிந்த இரண்டாவது ஆள் யார் என்பது ஒன்று. பீரோ சாவி எங்கே இருக்கும் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: உடைந்தால் யார் பொறுப்பு. இது எழுதப்படாத இடத்தில் ஆசிரியர் கருவியைத் தொடவே பயப்படுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில் பூட்டியே வைப்பார். “வகுப்பு நேரத்தில், வகுப்பு இடத்தில் உடைந்தால் யாரும் பணம் கட்ட வேண்டாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் பீரோ திறக்கும்.

ஆசிரியர் பயிற்சியை ஒரே நாளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை போட்டுக் கொல்லாதீர்கள். வருகைப் பதிவிலிருந்து புள்ளிவிவரம்வரை ஏற்கெனவே அவர்கள் போனிலேயே வேலை செய்து சலித்துப்போயிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், எட்டு வாரம். ஒவ்வொரு வாரமும் மறுநாள் வகுப்பில் பயன்படும் ஒன்றே ஒன்று. கூடவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். சார் மாற்றலாகிப் போவார், பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள்.

படி 8: பெண் பிள்ளைகள் கையில் போன்

வீட்டில் போன் இருக்கும், அண்ணன் கையில் இருக்கும். பெண் பிள்ளை கேட்டால் “உனக்கு எதுக்கு” என்பார்கள். இதில் வீட்டாரோடு வாதாடி நான் ஒரு முறையும் வென்றதில்லை. பலித்தது வேறு. அம்மாவையும் பாட்டியையும் ஒரு நாள் வகுப்பில் உட்கார வைத்து, பிள்ளை என்ன பார்க்கிறது என்று திரையிலேயே காட்டினோம். வகுப்பை இருட்டும் முன் முடித்தோம். சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணை வைத்தோம். அப்புறம் அதே அமர்வில் ஓடிபி யாரிடமும் சொல்லக் கூடாது, கடன் செயலி போன் புத்தகத்தையும் போட்டோவையும் கேட்டால் கொடுக்கக் கூடாது, யாராவது படத்தை வைத்து மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம் என்பதை அம்மாக்களுக்கும் சேர்த்துச் சொன்னோம். பயம் எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரியும் என்பது புரிந்ததும் போன் மெல்லக் கைமாறியது. எல்லா வீட்டிலும் இல்லை.

படி 9: ஆண்டுக் காலண்டர்

கடைசியாக ஒரு காலண்டர் தயாரித்துச் சுவரில் மாட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காலம். தரையில் இருக்கும் சிபியு, யுபிஎஸ் எல்லாவற்றையும் இரண்டு செங்கல் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையைப் பாட்டிமார் இன்றும் சொல்லும் கரை இது. புயல் எச்சரிக்கை வந்தால் பல ஊரில் பள்ளிக்கூடம்தான் முகாம். மக்கள் வந்த பிறகு கணினி அறையைக் காலி செய்ய முடியாது. யார் தூக்குவது, எந்த மாடி வீட்டுக்கு என்று செப்டம்பரிலேயே பேசி வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைச் சோதியுங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கு வேண்டாம். ஒரு தாளைக் கொடுத்து, திரையில் படித்த பாடத்தை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பாடத்தைக் கரும்பலகைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுங்கள்.

மார்ச் கடைசியில் சிலிக்கா ஜெல்லை வறுத்து, கணினிகளை விடுமுறையில் யார் ஓட்டுவது என்று முறை எழுதுங்கள். ஏப்ரல் 15-க்குப் பிறகு ரீசார்ஜ் தீர்ந்துகொண்டே வரும். மூன்றாம் படியில் சொன்ன வைஃபை பெட்டியை அந்த இரண்டு மாதமும் தினமும் போட்டு வையுங்கள், கோயில் திண்ணையோ சர்ச் வளாகமோ பள்ளிவாசல் பக்கத்து அறையோ எங்கே பிள்ளைகள் கூடுவார்களோ அங்கே. ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடியும். படகுகள் இறங்கும்போது போன்களும் மறுபடி கடலுக்குப் போகும். அதற்கு முந்தின வாரமே மெமரி கார்டுகளை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.